தாயின் கையெழுத்து கேட்ட இடங்கள்: இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அப்பாயி – ஒரு நிகழ்வு ஆய்வு

பெண்ணுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பையனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. அப்பா போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவர். 2022 கடைசியில் கல்லீரல் கெட்டு இறந்தார். குடிதான் காரணம், ஊரில் யாரும் அதை மறைக்கவில்லை. அம்மா அடுத்த வருடம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். 2024-இல் அங்கேயே மறுமணம் செய்துகொண்டார். புது வீட்டில் பிள்ளைகளுக்கு இடமில்லை. இருவரும் அப்பாவைப் பெற்ற அப்பாயியிடம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் கிராமம் ஒன்றில் வளர்கிறார்கள். தாத்தா மகனுக்கு முன்பே போய்விட்டார்.

ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்ட உதவித் தன்னார்வலராக இந்தக் குடும்பத்தின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். இதே நிலையில் உள்ள தாத்தா பாட்டிகளுக்கும், மாமா அத்தைகளுக்கும், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் முழுதாக எழுதுகிறேன். தாயும் தகப்பனும் இறந்துவிட்ட குழந்தைக்கு இரண்டு இறப்புச் சான்றுகள் போதும், பாதி வேலை முடிந்தது. ஒருவர் இறந்து இன்னொருவர் உயிரோடு வேறு வீட்டில் இருந்தால்தான் சிக்கல். நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பதும் இதுதான்.

வீட்டின் கணக்கு

அப்பாயிக்கு வயது 64. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் அறிவித்த கூலி 336 ரூபாய். அளவெடுத்துப் போடும்போது கைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும், வேலையும் வருடம் முழுக்க இருக்காது. இடையில் களை எடுப்பு, கதிர் ஒடிப்பு, வெங்காயம் தாள் அரிதல். இரண்டு ஆடுகள். பிள்ளைகளின் மதிய உணவு பள்ளியில் முடிந்துவிடுகிறது. தொடக்கப் பள்ளி என்பதால் பையனுக்குக் காலை உணவும் அங்கேயே. பெண் உயர்நிலைப் பள்ளி என்பதால் அவளுக்குக் காலையில் பழைய சோறு.

ரேஷன் அட்டையில் அப்பாயி ஒற்றை ஆள். பிள்ளைகளின் பெயர் இறந்துபோன அப்பாவின் அட்டையிலேயே இருந்தது, அந்த அட்டையை அம்மா திருப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார். ஒருவருக்கு வரும் அரிசியில் மூன்று பேர் சாப்பிட முடியாது; மீதியைக் கடையில் காசுக்கு வாங்கினார்கள். இரண்டு வருடமாக இப்படியே ஓடியிருக்கிறது. இதையாவது மாற்றலாம் என்று அப்பாயிக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் வந்ததும் ரேஷனுக்காக இல்லை, உதவித்தொகைக்காகவும் இல்லை. 2025 ஜூனில் பள்ளி திறந்ததும் பெண்ணுக்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும் என்று டீச்சர் கேட்டார். வங்கியில் "அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனபோது, "கார்டியன்னு கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்றார்கள்.

"கோர்ட்டுக்கெல்லாம் போற அளவுக்கு நான் என்னம்மா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டார் அப்பாயி.

இருபது ரூபாய்ப் பத்திரம்

வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் காகிதங்களை எல்லாம் பார்த்துவிடுவது என் வழக்கம். அப்பாயி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொட்டினார். அப்பாவின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், தாத்தா பெயரில் பட்டா. அடியில் மடித்து வைத்த 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று.

பிள்ளைகளின் சித்தப்பா எழுதச் சொன்னது அது. பத்திரம் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த வாசகத்தைப் போட்டிருக்கிறார்: தாயானவர் தன் இரு மைனர் குழந்தைகளையும் மாமியாருக்கு "நிரந்தரமாக ஒப்படைத்து", அவர்கள் மீதும் கணவர் வழிச் சொத்தின் மீதும் "எவ்விதப் பாத்தியமும் இன்றி விடுதலை" கொடுத்துவிட்டாராம். கீழே அம்மாவின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், நோட்டரி முத்திரை. மறுமணம் முடிந்த வாரத்தில் ஊருக்கு வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து வாங்கியிருக்கிறார்கள்.

இந்தத் தாளுக்குச் சட்டத்தில் ஒரு பலமும் கிடையாது. தத்து என்றால் அதற்கென்று சட்டமும் முறையும் உண்டு. முத்திரைத்தாளில் எழுதிப் பிள்ளையைக் கைமாற்ற முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி தகப்பனுக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர். மறுமணம் செய்ததால் மட்டும் அந்த நிலை போய்விடாது. நிலத்திலும் அப்படித்தான். தாத்தா சொத்தில் இறந்த மகனுக்கு வந்த பங்கு, அவர் மறைந்ததும் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வருக்கும் சமமாகப் போகிறது. பிறகு நடந்த மறுமணம் அந்தப் பங்கைப் பறிக்காது. மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, சித்தப்பாவுக்கும் இல்லை.

பயனில்லாத தாள் என்று கிழித்துப் போட்டுவிடலாம்தான். ஆனால் அது செய்த கெடுதல் வேறு. அன்றிலிருந்து அம்மா போன் எடுப்பதில்லை. மாதம் ஒருமுறை மகளோடு பேசிக்கொண்டிருந்தவர், ஊர் எண்ணைப் பார்த்தாலே துண்டித்தார். "இன்னொரு தாளு நீட்டுவாங்கன்னு பயம்" என்று பிறகு சொன்னார்.

இதில் "ஒப்படைத்து" என்ற சொல் வேறு இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இல் பெற்றோர் குழந்தையை ஒப்படைப்பது தனி நடைமுறை. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு முன்னால் எழுதிக் கொடுத்து, மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம் அவகாசம் தந்து, அதற்கும் பிறகு குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கும் பாதை அது. அப்பாயிக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது. உதவித்தொகைக் கோப்பில் இந்தத் தாளை இணைத்திருந்தால் யார் எப்படிப் புரிந்துகொள்வார்களோ தெரியாது. ஒன்று சொல்லி வைக்கிறேன்: சொந்தக்காரர் பிள்ளையை வளர்ப்பவர்கள், நல்ல எண்ணத்திலேயே ஆனாலும், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய தாளை எந்த மனுவோடும் இணைக்கும் முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

எப்படிச் செத்தார் என்பதற்கு ஏற்ற தொகை

அடுத்து, எந்தத் திட்டம் பொருந்தும் என்று பார்த்தோம். எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இந்த இடத்தில்தான்.

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. ஒன்றிய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்தவர்கள் இறந்தபோது, அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, வைப்புத்தொகை என்றும், பெற்றோரை இழந்து பாதுகாவலரிடம் வளர்பவர்களுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்றும் அறிவித்தார்கள். அரசுப் பள்ளி மாணவரின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய்.

இந்தப் பையனின் அப்பாவும் குடித்துத்தான் செத்தார். மெதுவாக, வருடக்கணக்கில், சட்டப்படி விற்ற சரக்கைக் குடித்து. அதற்குத் திட்டம் இல்லை. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் சோறு போடுகிற பாட்டிக்கு எல்லா வீட்டிலும் ஒரே செலவுதான் ஆகிறது.

சாவின் காரணத்தைக் கேட்காத திட்டங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டம். ஒன்றியமும் மாநிலமும் 60:40 பங்கில் நடத்துவது. குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமமென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரமென்றால் 96,000-க்குள் இருக்க வேண்டும். விதவைத் தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைக் குழந்தைகள், தீராத நோயில் விழுந்த பெற்றோரின் பிள்ளைகள் எனத் தகுதிகள் வரிசையாக உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு, வீட்டு விசாரணை, ஒப்புதல் குழு என்று போகும். தகுதி இருந்தாலும் நிதி ஒதுக்கீடு இருந்தால்தான் பணம்.

இன்னொன்று, தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள். மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை பள்ளிப் படிப்பு நிற்காமல் இருக்க. தொகை பாதிதான். ஆனால் யார் யார் தகுதி என்ற வரிசையில், பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுச் சென்ற குழந்தை என்பதும் வெளிப்படையாக இருந்தது. மற்றவர் சிறையில் இருந்தாலும், மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்தாலும் சேர்க்கலாம். நாங்கள் ஜூனில் ஆரம்பித்தபோது இந்தத் திட்டம் இல்லை. முதலில் வாத்சல்யாவுக்குத்தான் போனோம். அங்கே கவுண்டரில் கேட்ட முதல் கேள்வி: "அநாதையா? இல்ல. அம்மா விதவையா? இல்ல, கல்யாணம் ஆயிடுச்சு. அப்ப எதுல போடுறது?"

கைவிட்டார் என்று எழுத மாட்டேன்

போடுவதற்கு வழி இருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தில் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வரையறை அகலமானது. பெற்றோர் கைவிட்ட குழந்தையும் அதில் வரும். குழந்தைகள் நலக்குழு விசாரித்து அப்படி முடிவுசெய்தால், குழந்தையை உறவினர் பொறுப்பிலேயே விட்டு நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்கலாம். குழுவின் ஆணை கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் "நீங்க யாரு?" என்ற கேள்விக்குப் பதில் ஆயிற்று.

ஆக, மனுவில் "தாய் கைவிட்டுச் சென்றுவிட்டார்" என்று எழுத வேண்டும். நான் எழுதிப் படித்துக் காட்டினேன். அப்பாயி கைநாட்டு வைக்கவில்லை.

"அவ ஓடிப்போனவ இல்லம்மா. எம் மவன் குடிச்சுட்டு அடிச்ச அடிய வாங்கிட்டு ஒம்பது வருஷம் கெடந்தவ. முப்பது வயசுல தாலியறுத்தா என்ன பண்ணுவா? நாந்தான் போயி பொழைச்சுக்கன்னு அனுப்புனேன். கைவிட்டுட்டான்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு புள்ளைவள பாக்க வரக்கூடாதும்பானுவ."

கதவோரம் பெண் பிள்ளை ஹோம்வொர்க் நோட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எழுதவில்லை.

இந்த வகை மனுக்களில் நாம் வேகவேகமாக எழுதிவிடும் வரி இது. கொடுமைக்காரத் தாய், பாவப்பட்ட பாட்டி என்று எழுதினால் கோப்பு நகரும் என்று ஒரு நினைப்பு. அந்தக் கோப்பைப் பின்னொரு நாள் அந்தப் பிள்ளையே படிப்பாள் என்பதை யோசிப்பதில்லை. மனுவை மாற்றி எழுதினோம். 2023 ஆவணி முதல் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், யார் சோறு போடுகிறார்கள், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போகிறார்கள், தாய் கடைசியாக எப்போது பணம் அனுப்பினார் என்று நடந்ததை மட்டும் தேதியோடு. அது கைவிடலா இல்லையா என்று முடிவுசெய்வது குழுவின் வேலை, மனுதாரரின் வேலை இல்லை.

வாய்ப்பேச்சை மட்டும் வைத்துக் குழு முடிவெடுக்காது, ஆதாரம் வேண்டும். தலைமை ஆசிரியர் ஒரு கடிதம் தந்தார்: இரண்டு கல்வியாண்டாக மாணவியின் முன்னேற்ற அட்டையில் கைநாட்டு வைப்பது அப்பாயிதான் என்று. அட்டைகளின் நகலும் வைத்தார். எல்லா ஆதாரத்திலும் கனமானது இதுதான் என்று பிறகு தெரிந்தது. கிராம செவிலியரின் பதிவேட்டிலும், பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட சீட்டிலும் "உடன் வந்தவர்: பாட்டி". கிராம நிர்வாக அலுவலரிடம் வசிப்பிட அறிக்கை. யாரிடமாவது வளரும் பிள்ளைக்காக அலைகிறவர்கள் இந்த மாதிரிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் யார் என்பதற்கு அரசிடம் சான்று இருக்கிறது. வளர்ப்பது யார் என்பதற்கு இந்தத் துண்டுச் சீட்டுகளை விட்டால் வேறில்லை.

இடையில் பெயர்ச் சிக்கல் ஒன்றும் வந்தது. இறப்புச் சான்றில் அப்பாவின் ஊர்க் கூப்பிடு பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் பள்ளிப் பெயர். இருவரும் ஒரே நபர்தான் என்று வருவாய்த் துறையில் சான்று வாங்கித் தீர்த்தோம். அலைச்சல்தான், வேறு ஒன்றுமில்லை.

ஓடிபி திருப்பூரில்

பிள்ளைகள் அப்பாயியோடுதான் வசிக்கிறார்கள் என்பதற்கு எல்லோரும் கேட்பது ரேஷன் அட்டை. பெயர் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் பழைய அட்டையிலிருந்து நீக்க வேண்டும். ஆன்லைனில் நீக்கப் போனால் அந்த அட்டையோடு பதிவான கைபேசிக்கு ஓடிபி போகும். அந்தக் கைபேசி அம்மாவிடம். தாய் கைவிட்டுவிட்டார் என்று நிரூபிக்கவே அந்தத் தாயின் ஓடிபி வேண்டும்.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுத்து விசாரணை மூலம் நீக்கும் வழியும் உண்டு. ஆனால் அம்மாவோடு பேசாமல் இந்தக் கேஸ் முழுக்கவே தள்ளாடும் என்று எனக்குப் பட்டது. அப்பாயியின் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டார். பிள்ளைகளின் அத்தை, அப்பாவின் தங்கை, பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தவர், அவர் பேசினார். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பழைய பிரியம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு நான் பேசினேன். "மேடம், நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றுதான் ஆரம்பித்தார். அந்த இருபது ரூபாய்த் தாள் செல்லாது, பிள்ளைகளைப் பார்க்கும் உரிமையும் நிலத்தின் பங்கும் அப்படியேதான் இருக்கின்றன என்று சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப நான் வந்து பாக்கலாமா அக்கா?" என்றார்.

ஓடிபி அன்று மாலையே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்து, தன் கையால் ஒரு வாக்குமூலமும் எழுதித் தந்தார். வாசகத்தை அவரும் நானும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தோம்:

"என் கணவர் இறந்த பிறகு, 2023 ஆவணி மாதம் முதல் என் பிள்ளைகள் இருவரும் என் மாமியாருடன் வசிக்கிறார்கள். சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் அவரே பார்க்கிறார். இப்போதுள்ள குடும்பச் சூழ்நிலையில் பிள்ளைகளை என்னோடு வைத்து வளர்க்கவோ மாதாமாதம் பணம் அனுப்பவோ என்னால் இயலவில்லை. பிள்ளைகளுக்கு வரும் அரசு உதவியை என் மாமியார் பெற்று அவர்களுக்குச் செலவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கவும் பேசவும் எனக்குள்ள உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை."

சித்தப்பாவுக்குக் கடைசி வரி பிடிக்கவில்லை. அப்பாயி ஒரே வார்த்தையில் முடித்தார்: "நீ உள்ள போடா."

குழு முன்னால்

குழந்தைகள் நலக்குழு என்றதும் அப்பாயிக்கு உதறல். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அங்கே போனால் பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று. இந்தப் பயத்தாலேயே பல பாட்டிகள் மனுவே கொடுப்பதில்லை. சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளில் ஒன்று, நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது. குழந்தையைக் குடும்பத்திலேயே வைப்பதுதான் முதல் நோக்கம். ஆனாலும், சட்டப் பிரிவைச் சொல்லி ஒரு பாட்டியின் பயத்தைப் போக்க முடியாது. முன்கூட்டியே ஒருமுறை அத்தையோடு அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினேன். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், மேசை, நாற்காலி, ஒரு மூலையில் பொம்மைகள். போலீஸ் யாரும் இல்லை.

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். அடுப்படி, படுக்கும் இடம், கழிப்பறை, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் பார்த்தார். சமூகப் பின்னணி அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும், இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. எங்களுக்கு அறிக்கை கொஞ்சம் தாமதமானது, ஆணை கெடுவுக்குள் வந்துவிட்டது.

குழு பிள்ளைகளைத் தனியாக வைத்துப் பேசியது. பையன் வெளியே வந்து, "ஆட்டுக்குட்டிக்குப் பேரு என்னன்னு கேட்டாங்க" என்றான். பெண்ணிடம் அம்மாவோடு போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். "லீவுக்குப் போறேன். ஸ்கூலுக்கு அப்பாயிதான் வேணும்" என்றாளாம். அந்த வாக்கியம் ஆணையில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. பிள்ளைகள் அப்பாயியின் பராமரிப்பில் தொடரலாம், தாய் வந்து பார்க்கலாம், நிதி ஆதரவுக்குப் பரிந்துரை என்று ஆணை.

அதற்குள் அன்புக் கரங்கள் தொடங்கியிருந்தது. அதற்கும் மனுக் கொடுத்தோம்; ரேஷன் அட்டை, ஆதார், வயதுச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் தயாராக இருந்ததால் அது ஒரு காலையில் முடிந்தது. வாத்சல்யா மனு நிலுவையில் இருப்பதை அந்தப் படிவத்தின் கீழேயே எழுதிவிட்டோம். எதையும் மறைத்து வாங்கினால் பிறகு வசூலுக்கு வருவார்களோ என்று பாட்டிதான் ராத்திரி தூங்காமல் கிடப்பார். தன் முதியோர் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது. தாலுகா அலுவலகத்தில் கேட்டோம். இது பிள்ளைகளின் பெயரில் வரும் பணம் என்றார்கள், நிறுத்தவில்லை.

வங்கி

முதலில் தொடங்கிய பிரச்சினை கடைசியில்தான் தீர்ந்தது, அதுவும் சுலபமாக. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 10 வயது நிறைந்த மைனர் தானே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம்; என்ன வரம்பு என்பதை வங்கி தன் கொள்கைப்படி வைத்துக்கொள்ளும். பழைய விதியிலும் இது இருந்தது. ஆக 13 வயதுப் பெண்ணிடம் "அம்மாவக் கூட்டிட்டு வா" என்றதற்கு விதியில் கட்டாயம் எதுவுமில்லை. சுற்றறிக்கையின் நகலோடு போனதும் மேலாளர் படித்துப் பார்த்துவிட்டுக் கணக்குத் தொடங்கினார். பையனுக்கு வயது போதவில்லை. அவனுக்குக் குழுவின் ஆணையைக் காட்டி, அப்பாயியைக் காப்பாளராகப் போட்டுத் தொடங்கினோம். நேரடிப் பணப் பரிமாற்றம் வருவதற்குக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும் என்று ஆதார் சீடிங்கும் செய்ய வேண்டும். இதைத் தனியாகக் கேட்டு, நடந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

இன்னும் முடியாதவை

அன்புக் கரங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒப்புதலாகி, ஆளுக்கு 2,000 வருகிறது. ரேஷன் அட்டையில் மூன்று பேர். வாத்சல்யா ஒப்புதல் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கோப்பு காத்திருக்கிறது. கிடைத்தால் எதைத் தொடர்வது என்று அவர்களே சொல்லட்டும்.

அப்பாயியின் பெரிய கவலை பணத்தில் இல்லை. "நான் போயிட்டா?" இந்தக் கேள்விக்கு உதவித்தொகைத் திட்டம் எதிலும் பதில் கிடையாது. உயில் எழுதிக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் சட்டப்படி பெற்றோருக்குத்தான் உண்டு, பாட்டிக்கு இல்லை. குழுவின் ஆணை இப்போதைய பராமரிப்புக்கு உதவும். நிலத்தின் பங்குக்கும் நீண்ட காலத்துக்கும் நீதிமன்றக் காப்பாளர் ஆணைதான் சரி. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் பராமரிப்புக்குட்பட்டோர் சட்டத்தின் கீழ், அப்பாயியையும் அத்தையையும் சேர்த்தே காப்பாளராக்கக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்திருக்கிறோம். வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தந்தது. அம்மா ஆட்சேபம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். வயதைக் காட்டி மறுப்பார்களோ என்று அத்தை கேட்டார். கொரோனாவில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவன் ஒருவனைத் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்த 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோலாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை வழக்கறிஞர் மனுவில் சேர்த்திருக்கிறார்.

சித்தப்பா அந்த வழக்கில் எதிர்மனுத் தாக்கல் செய்யப் போவதாகச் சொல்கிறார். செய்யட்டும், பட்டா மாறுதலும் அதோடு சேர்ந்து தெளிவாகிவிடும்.

பெண்ணைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று திருப்பூரிலிருந்து ஒரு யோசனை வந்தது, செலவை அம்மாவே ஏற்பதாக. வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இடையில் மாறினால் அது போய்விடும். அந்தப் பணத்தை மகள் பெயரில் மாதம் ஐநூறோ ஆயிரமோ போட்டு வையுங்கள் என்றேன். முதல் ஐநூறு கார்த்திகையில் வந்தது. வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அது முடியும் முன் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும்; பெண்ணுக்கு 15 வயதானதும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். இரண்டு தேதியையும் அத்தை தன் வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.